மேனேஜரின் எடை

பிப்ரவரி 4

தம்பிக்கு,

ஃபோனில் பேசினால் மூன்றாவது நிமிடம் இருவரும் கத்த ஆரம்பித்துவிடுகிறோம். போன மாதம் நடந்தது எனக்கு இந்த ஜென்மத்துக்குப் போதும். உன் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறேன். கோபம் ஆறியதும் தடையை எடுத்துவிடுவேன், இன்னும் ஆறவில்லை. அதுவரை எழுது. செவ்வாய்க்கிழமைதோறும் உங்கள் குவாரிக்குச் சாமான் வண்டி வரும், தபாலும் அதில்தான் வரும் என்று நீதானே சொன்னாய்.

விஷயம் உன் நாய். மேனேஜர் என்று பேர் வைத்தாயே, வாய் முகூர்த்தம் பலித்துவிட்டது. ஒரு வேலையும் செய்வதில்லை. யார் எது செய்தாலும் பக்கத்தில் வந்து நின்று மேற்பார்வை பார்க்கிறது. போன வாரம் மாடிப்படி ஏறும்போது இரண்டாவது மாடியிலேயே உட்கார்ந்துவிட்டது. நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு என்னைப் பார்க்கிறது, தூக்கு என்று. என் முழங்கால் இருக்கிற லட்சணத்தில் நான் யாரைத் தூக்க?

நாய் டாக்டரிடம் போனேன். அதற்காக அரை நாள் லீவு. பதினேழு கிலோ. பதிமூன்றுதான் இருக்க வேண்டுமாம். "இது நாயா, சோபாவா?" என்று கேட்டார். நான் என்ன செய்தேன், என்னைப் பார்த்து எதற்குச் சிரிக்க வேண்டும்? கல்லீரலில் கொழுப்பு, இப்படியே விட்டால் ஒரு வருஷம் தாங்காது என்றார். இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறார். வெங்காயம், திராட்சை, சாக்லேட் கண்ணிலேயே காட்டக் கூடாது. உப்பு கூடாது. பிஸ்கட் கூடாது. பாக்கெட் தீனி காலையில் ஒரு கப், சாயங்காலம் ஒரு கப், தலைதட்டி அளந்து. மத்தியானம் வேகவைத்த கோழி, தோல் இல்லாமல், கூடவே கேரட் அல்லது பூசணி. மாதம் இரண்டு தடவை எடை பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் யார் செய்வது? காலை எட்டரைக்குக் கடைக்குப் போனால் ஏழுக்குத்தான் வருகிறேன். நாள் முழுக்க ஊரார் பேண்ட் இடுப்பைப் பிரித்துத் தைத்துவிட்டு வந்தால் எனக்கே ஒரு வாய் சமைக்கத் தெம்பில்லை. வீட்டில் அப்பா மட்டும். அவருக்கு நாய் என்றாலே ஆகாது, உனக்குத் தெரியும். நீ பாட்டுக்கு இரண்டு பேரையும் என் தலையில் கட்டிவிட்டு மலைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாய். என்ன செய்வது என்று எழுது.

அக்கா

&nbsp;

பிப்ரவரி 13

அக்கா,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மலைக்கு வந்து உட்காரவில்லை. வேலைக்கு வந்திருக்கிறேன். ஒரு நாளைக்கு நூற்றிருபது லாரி எடை போடுகிறேன். தூசி மூக்கிலிருந்து இறங்கவே மாட்டேன் என்கிறது. அங்கே வேலை இருந்தால் நான் ஏன் இங்கே வரப் போகிறேன்? சரி, இதை எழுதினால் நீ கடிதத்தையும் தடுத்து வைப்பாய்.

மேனேஜர் விஷயம். டாக்டர் சொன்னதை அப்படியே செய். அவன் பார்க்கிற பார்வையில் மயங்காதே. அவனுக்கு எப்போதும் பசிதான், வயிறு முட்டத் தின்று ஐந்து நிமிஷம் கழித்தும் பட்டினி கிடந்தவன் மாதிரி பார்ப்பான். காலையும் சாயங்காலமும் நீ அளந்து போடு. மத்தியானம் அப்பா போடட்டும். கோழியை வேகவைத்து டப்பாவில் வைத்துவிட்டுப் போ, அவர் எடுத்துத் தட்டில் போட்டால் போதும். அவருக்கும் ஒரு வேலை ஆச்சு.

எடை பார்க்க டாக்டரிடம் போக வேண்டாம். குளியலறையில் உன் எடை மெஷின் இருக்கிறதே, அது போதும். நாய் அதில் நிற்காது. அதனால் அப்பா முதலில் தனியாக ஏறி நிற்கட்டும். எவ்வளவு என்று எழுதிக்கொள். பிறகு மேனேஜரைத் தூக்கிக்கொண்டு நிற்கட்டும். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழி. அவ்வளவுதான். அச்சாபீஸில் முப்பது வருஷம் காகிதக் கட்டு சுமந்தவர், இந்தப் பயல் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. கணக்கை எனக்கு எழுது. நான் எடை பார்த்தே சம்பளம் வாங்குகிறவன், என்னிடம் விடு.

அன்றைக்கு ஃபோனில் நான் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன். நீயும்தான்.

தம்பி

&nbsp;

மார்ச் 9

தம்பிக்கு,

நீயும்தான் என்று எழுதாமல் உன்னால் ஒரு கடிதத்தை முடிக்க முடியாதா?

போன மாதம் நீ சொன்னபடி எடை பார்த்தோம். அப்பா அறுபத்துநாலு. நாயோடு எண்பத்தொன்று. கழித்தால் பதினேழு, டாக்டர் சொன்னது சரிதான். அப்பாவின் அறுபத்துநாலைப் பெரிதாக எழுதிக் கண்ணாடியில் ஒட்டிவிட்டேன். மறுபடி மறுபடி அவரை ஏற்றி இறக்குவானேன்? நேற்று நாயோடு நின்றார். எண்பது. அப்படியானால் உன் மேனேஜர் பதினாறு. ஒரு கிலோ போயிருக்கிறது!

இதற்கு நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும். காலையில் ஐந்தரைக்கு எழுந்து கோழி வேகவைக்கிறேன். அதே அடுப்பில் அப்பாவுக்கு மத்தியானச் சாப்பாடு, மூடி வைத்துவிட்டுப் போகிறேன். ஒரு விஷயம் சொன்னால் நம்ப மாட்டாய், சாயங்காலம் வந்து பார்த்தால் அவர் தட்டு கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்திருக்கிறது. அம்மா இருந்த காலத்தில் தண்ணீர் டம்ளரைக்கூட நகர்த்தாத மனுஷன். "மீதி இல்லையாப்பா?" என்றால், "நல்லா இருந்துச்சும்மா, எல்லாம் காலி" என்கிறார்.

அதைவிட அதிசயம், நாயும் அவரும் ஒட்டிக்கொண்டார்கள். அவர் நாற்காலியைவிட்டு அது அசைவதில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கிறது. விடிந்ததிலிருந்து அதற்குச் சமைக்கிறவள் நான்.

அக்கா

&nbsp;

மார்ச் 20

அக்கா,

ஒரு மாதத்தில் ஒரு கிலோ! டாக்டரே அசந்துபோவார். இதே அளவு, இதே நேரம், மாற்றாதே. எடை குறைகிற நாய்க்குக் கிறுக்குப் பிடிக்கும், குப்பைக் கூடையைக் கவிழ்க்கும். மூடியில் ஒரு கல்லை வை.

அப்பா தட்டு கழுவுகிறாரா? போட்டோ எடுத்து அனுப்பு, நான் இங்கே மாட்டி வைக்கிறேன்.

மீதி அப்புறம். வெளியே லாரி வரிசை கட்டி நிற்கிறது.

தம்பி

&nbsp;

ஏப்ரல் 26

தம்பிக்கு,

எழுபத்தேழு! இன்று காலை எடை பார்த்தோம். எழுபத்தேழிலிருந்து அறுபத்துநாலு போனால் பதிமூன்று. டாக்டர் சொன்ன அதே பதிமூன்று. நான் கைதட்டினேன். அப்பாவும் சிரித்தார். இந்த வருஷத்தில் நான் நினைத்தது நடந்தது இது ஒன்றுதான்.

ஆனால் பார்ப்பதற்கு அது அப்படியேதான் இருக்கிறது. கழுத்துப் பட்டையை ஒரு ஓட்டை தள்ளி மாட்டினால்தான் மூச்சு விடுகிறது. முடி அடர்த்தியோ என்னமோ. எடை மெஷின் பொய்யா சொல்லப் போகிறது?

அப்பாவுக்குத்தான் வயசாகிவிட்டது. நாயை இறக்கிவிட்டுக் கழிப்பறை மூடிமேல் உட்கார்ந்து பத்து நிமிஷம் மூச்சு வாங்கினார். "என்னப்பா, பதிமூணு கிலோவுக்கே இப்படியா?" என்று கிண்டல் செய்தேன். "வயசாச்சுல்ல" என்றார். சாயங்காலம் வெறும் டீ போதும் என்கிறார், மத்தியானம் நிறையச் சாப்பிட்டுவிட்டாராம். பொழுது போகவில்லை என்று என் ஊசி டப்பாவைக் கேட்டு வாங்கிக்கொண்டார். தன் துணியைத் தானே தைக்கிறாராம். தையல்காரி வீட்டில் இப்படி ஒரு கூத்து. நானும் விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்தும் ஊசி பிடிக்க என் கண்ணுக்குச் சக்தி இல்லை.

ரொம்ப அலுப்பாக இருக்கிறதுடா. யாராவது ஒரு வாரம் எனக்குச் சமைத்துப் போட்டால் தூங்கியே கழிப்பேன்.

அக்கா

&nbsp;

மே 11

தம்பிக்கு,

உன் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன். மேனேஜருக்கு உடம்பு சரியில்லை. இரண்டு நாளாக வாந்தி. நேற்று எழுந்திருக்கவே இல்லை. ஈறு வெளுத்துக் காகிதம் மாதிரி ஆகிவிட்டது. பக்கத்து வீட்டு டிரைவர் தூக்கி வண்டியில் போட்டார், டாக்டரிடம் போனோம்.

இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "யார் வெங்காயம் குடுத்தது?" நான் கொடுக்கவில்லை என்றேன். "ஒரு நாள் ரெண்டு நாள் இல்லம்மா, ரொம்ப நாளா சாப்பிட்டிருக்கு. ரத்தமே கரைஞ்சு போயிருக்கு" என்றார். பிறகு மேஜைமேல் எடை பார்த்தார். பத்தொன்பது.

நான் சண்டைக்குப் போய்விட்டேன். எங்கள் மெஷின் பதிமூன்று காட்டியது என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்த நாயைப் பாத்தா பதிமூணு கிலோ மாதிரியா இருக்கு?" என்றார். எல்லார் முன்னாலும். மூன்று மாதமாக ஐந்தரைக்கு எழுந்து கோழி வேகவைத்தவளைப் பார்த்து, நாயைப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை என்கிறார். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன்.

நீயே சொல். அவர் மேஜை பொய்யா, என் மெஷின் பொய்யா? நீதானே எடைக்காரன். நீ சொன்னபடிதானே செய்தேன். எங்கே தப்பு?

நாய் அங்கேயே இருக்கிறது, மருந்து ஏறுகிறது. பிழைத்துவிடும் என்கிறார்கள். அப்பா நேற்றிலிருந்து நாயின் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அக்கா

&nbsp;

மே 16

அக்கா,

இதை லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். வீட்டுக்கே வந்து தருவார். சிக்னல் கிடைக்கிற மேட்டில் ஏறி நாலு தடவை ஃபோன் செய்தேன், நீ இன்னும் என் நம்பரைத் தடுத்தே வைத்திருக்கிறாய். தயவுசெய்து அந்தத் தடையை எடுத்துவிடு.

இரண்டு மெஷினும் சரி. தப்பு என்னுடையது.

லாரிகளின் பக்கவாட்டில் காலி வண்டியின் எடையைப் பெயிண்டில் எழுதியிருப்பார்கள். அதை நாங்கள் நம்பவே கூடாது. ஒவ்வொரு தடவையும் காலி வண்டியை ஏற்றி நிறுத்திப் பார்த்துத்தான் கழிக்க வேண்டும். வந்த முதல் நாள் எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் அது. டிரைவர்களை இதற்காக நான் தினம் திட்டுகிறேன். நீ அறுபத்துநாலு என்று எழுதிக் கண்ணாடியில் ஒட்டினேன் என்றாய். நான் படித்தேன். படித்துவிட்டு, டாக்டரே அசந்துபோவார் என்று எழுதினேன்.

இருவரும் சேர்ந்து எழுபத்தேழு. நாய் பத்தொன்பது. அப்படியென்றால் அப்பா ஐம்பத்தெட்டு.

நாய் இளைக்கவில்லை அக்கா. அப்பாதான் ஆறு கிலோ போயிருக்கிறார். இதைப் படித்து முடித்ததும் அவரைத் தனியாக நிறுத்திப் பார். டாக்டரிடம் கூட்டிப் போ. மனுஷ டாக்டரிடம். இன்றைக்கே.

தம்பி

&nbsp;

மே 24

தம்பிக்கு,

உங்கள் குவாரி ஆபீஸ் ஃபோனில் பேசினோமே, அதில் பாதி நேரம் நீ அழுதாய், மீதி நேரம் நான் அழுதேன். ஒன்றும் சொல்ல முடியவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்தபோது அப்பா நாற்காலியில் இருந்தார். மெஷினை எடுத்து அவர் காலடியில் வைத்தேன். ஏன் என்று கேட்கவில்லை. ஏறி நின்றார். ஐம்பத்தேழு. நீ போட்ட கணக்குக்கும் ஒரு கிலோ கீழே. அவர் பேண்ட்டைப் பார்த்தேன். இடுப்பை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்திருக்கிறார், நாய்ப் பல் மாதிரி கோணல் தையல். எல்லாப் பேண்ட்டும் அப்படி. ஒரு நாளைக்கு இருபது பேர் இடுப்பை அளக்கிறேன். என் அப்பா இடுப்பு கண்ணில் படவில்லை. செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல் இருக்கிறது.

ஜனவரியிலிருந்தே சாப்பாடு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லையாம். முதலில் ரொட்டி, பிறகு சோறு, இப்போது கஞ்சிகூட நின்று நின்றுதான் போகிறது. நான் மூடி வைத்துவிட்டுப் போன சாப்பாட்டை, அதிலே வெங்காயமும் உப்பும் எல்லாம் சேர்த்து, மேனேஜருக்குப் போட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்திருக்கிறார். டப்பாவில் இருந்த கோழியும் அதற்குத்தான். இரட்டைச் சாப்பாடு.

"ஏம்ப்பா சொல்லல?" என்றேன்.

"சொன்னா என்ன பண்ணியிருப்ப?"

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருப்பேன்."

"அப்புறம் அவனுக்கு ஃபோன் பண்ணுவ. நீ அவனைத் திட்டுவ, அவன் உன்னைத் திட்டுவான். அன்னைக்கு ஸ்பீக்கர்ல போட்டுட்டுதானே ரெண்டு பேரும் பேசினீங்க. நான் உள்ள குளிச்சிட்டிருந்தேன். 'ரெண்டு சுமையையும் நான் ஒருத்தியே சுமக்கறேன்'னு நீ சொன்ன. 'முடியலேன்னா ரெண்டையும் எங்கயாவது கொண்டுபோய் விடு'ன்னு அவன் சொன்னான்."

நான் சொன்னேன், தம்பி. நீயும் சொன்னாய். இந்த ஒரு தடவை நான்தான் அந்த வார்த்தையை எழுதுகிறேன், நீயும்தான்.

"எடை குறையுது குறையுதுன்னு நீ சந்தோஷப்பட்ட. யாரு எடைன்னு எனக்குத் தெரியும். சந்தோஷமா இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன்" என்றார். பிறகு நாயைப் பற்றிக் கேட்டார். "வெங்காயம் ஆகாதுன்னு எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா பொறுக்கிப் போட்டிருப்பேன்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அம்மா போனபோதுகூட அவர் அழுது நான் பார்க்கவில்லை.

டாக்டரிடம் போனோம். குழாய் விட்டுப் பார்த்தார்கள். உணவுக்குழாயில் கட்டி. என்ன மாதிரிக் கட்டி என்று வியாழக்கிழமை சொல்வார்களாம்.

அக்கா

&nbsp;

மே 31

அக்கா,

நான் சொன்ன அந்த வார்த்தையை மூன்று நாளாகத் தாளில் எழுதி எழுதிப் பார்க்கிறேன். நாயை நினைத்துத்தான் சொன்னேன், கோபத்தில் சொன்னேன், என்றெல்லாம் எழுதிக் கிழித்துப் போட்டேன். 'ரெண்டையும்' என்றுதான் சொன்னேன். அப்பா சரியாகத்தான் கேட்டிருக்கிறார்.

வேலைக்கு மாற்று ஆள் வரும்வரை போக முடியாது என்கிறார் சூப்பர்வைசர். வராவிட்டாலும் சனிக்கிழமை முதல் லாரியில் கிளம்புகிறேன். ஞாயிறு சாயங்காலம் வந்துவிடுவேன். வந்த பிறகு நீ ஒரு வாரம் தூங்கு. சமையல் நான் பார்த்துக்கொள்கிறேன், அப்பாவுக்கும் மேனேஜருக்கும். டாக்டர் கொடுத்த தாளை எடுத்து வை. எதைக் கொடுக்கலாம், எது கூடாது, எத்தனை வேளை, எவ்வளவு, எல்லாம். இந்தத் தடவை ஒரு ஸ்பூன்கூடத் தப்பாது.

வியாழக்கிழமை என்ன சொன்னார்கள்? எதுவாக இருந்தாலும் எழுது. அப்பாவுக்கு என்ன சாப்பிட ஆசை என்றும் கேட்டு எழுது. வழியில் வாங்கி வருகிறேன்.

தம்பி

&nbsp;

ஜூன் 4

தம்பிக்கு,

இது உனக்கு வெள்ளிக்கிழமைக்குள் கிடைக்க வேண்டும் என்று அதே லாரி டிரைவரிடம் கொடுக்கிறேன்.

மேனேஜர் வீட்டுக்கு வந்துவிட்டது. புதிதாக மூன்று பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறார் அந்த டாக்டர். கப், கிராம், நேரம் எல்லாம் போட்டு. கொஞ்சம் கொஞ்சமாக நடக்கிறது. மத்தியானம் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் அதற்குப் போடுகிறேன். கடைக்கு ஒரு மாதம் லீவு சொல்லிவிட்டேன்.

அப்பாவுக்கு ஆபரேஷன் வேண்டாம் என்கிறார்கள். கட்டி பரவிவிட்டது. நான் பேனாவும் நோட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். என்னென்ன கொடுக்கலாம் டாக்டர், உப்பு குறைக்கணுமா, கோழி கொடுக்கலாமா, முட்டை கொடுக்கலாமா என்று கேட்டேன். அவர் நோட்டை மூடி என் கையிலேயே வைத்தார். "ஒரு பத்தியமும் இல்லைம்மா. அவருக்கு எது இறங்குதோ, எது இஷ்டமோ, குடுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்குப் புரிந்துவிட்டது. எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். அவருக்கும் புரிந்திருக்கும்.

நீ கேட்டாயே என்று அவரிடம் கேட்டேன். "தம்பி வர்றான், உங்களுக்கு என்ன சாப்பிடணும் போல இருக்கு, வாங்கிட்டு வரச் சொல்றேன்" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் வேணாம்மா" என்றார். "அவன் வரட்டும். நீயும் அவனும் இந்த மேஜைல உக்காந்து ஒரு வேளை சண்டை போடாம சாப்பிடுங்க. நான் பக்கத்துல உக்காந்து பாக்கறேன்."

என்ன சமைக்கட்டும் என்று கேட்டேன். "எதுவா இருந்தா என்ன? ரெண்டு பேரும் வயிறு நிறையச் சாப்பிடணும், அவ்வளவுதான்" என்றார்.

வழியில் எங்கேயும் சாப்பிடாதே. பசியோடு வா.

அக்கா